ஈ.வி.எஸ் பேப்பரை ஒரே ராத்திரியில் படிச்சு பாஸ் பண்ணவரா நீங்க? சுற்றுச்சூழல் 'மைனர்' எடுக்கும் முன் இதைப் படிங்க!

முதல் வருஷத்து ஈ.வி.எஸ் பேப்பர் ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி சீனியர்கிட்ட வாங்கின ஜெராக்ஸ் நோட்ஸ், 'ஓசோன் படலம் - சிறுகுறிப்பு வரைக', காலையில் பஸ்ஸில் கடைசியாக ஒரு புரட்டல். அவ்வளவுதான். பாஸ்!

அந்த பேப்பர் நம் சிலபஸுக்குள் வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்லூரி வரை கட்டாயப் பாடமாக்க நடவடிக்கை எடுக்கும்படி 1991-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நோக்கம் பெரியது. ஆனால், பல கல்லூரிகளில் அது ரெண்டு கிரெடிட்டில் சுருங்கி, மனப்பாடத்தோடு முடிந்துவிடுகிறது.

'எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். ஆனா மேஜரை விட முடியாது' என்று நினைப்பவர்களுக்காக இருப்பதுதான் மைனர். பி.காம் படித்துக்கொண்டே, கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டே, இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்துக்கொண்டே சுற்றுச்சூழலை இரண்டாவது பாடமாக எடுப்பது. எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்பதற்கு முன், நான் அசடு வழிந்த கதை ஒன்று.

"நீங்க படிச்சவங்கதானேம்மா?"

ரிப்போர்ட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். வயதான விவசாயி ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "நீங்க படிச்சவங்கதானேம்மா? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

டி.டி.எஸ், குளோரைடு, குரோமியம், பக்கத்தில் நம்பர்கள். ஜர்னலிசம் டிப்ளோமா வாங்கிய எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, நாம் எதற்காக இங்கே வந்தோம் என்றிருந்தது.

அந்த ஒரு தாளைப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் தெரியுமா?

கெமிஸ்ட்ரி தெரிந்தவர் சொன்னது: டி.டி.எஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு வைப்பார்கள். தோல் தொழிற்சாலையில் அதைக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் போகும். குரோமியத்தைச் சுத்திகரிப்பில் பெருமளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்புக்கெல்லாம் மசியாது. ஆர்.ஓ வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

சட்டம் தெரிந்தவர் சொன்னது: இதே பகுதிக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். பாலாற்றங்கரையில் பிறந்த வழக்கு!

பொருளாதாரம் தெரிந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, தொழிற்சாலையை மூடிட்டா அந்த ஊர்ப் பொண்ணுங்க வேலைக்கு எங்க போவாங்க?" நியாயம்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். ஒரே வீட்டில் அப்பாவின் கிணறு கெட்டுப்போயிருக்கும், மகளின் சம்பளம் அந்தத் தொழிலிலிருந்தே வரும்.

ஒரு கிணற்றுக்குள் இத்தனை பாடங்கள். சுற்றுச்சூழல் மைனரைப் பல துறைகள் சேர்ந்த படிப்பாகத் திட்டமிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மைனர் - கணக்கு எப்படி?

இது நீங்கள் படிக்கும் இடத்தைப் பொறுத்து மாறும்.

தேசியக் கல்விக் கொள்கையின்படி யு.ஜி.சி 2022-ல் வெளியிட்ட கிரெடிட் திட்டத்தில், மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட். அதற்குள்ளேயே 24 கிரெடிட் மைனருக்கு. நான்கு வருட டிகிரி என்றால் 160-ல் 32. மைனருக்கான இடம் டிகிரிக்குள்ளேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இன்ஜினீயரிங்கில் கதை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, வழக்கமான கிரெடிட்டுகளுக்கு மேல் 18 கிரெடிட் கூடுதலாக எடுத்தால்தான் மைனர். சுற்றுச்சூழல், நிலைத்த வளர்ச்சி சார்ந்த ஒரு பிரிவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 15 மணி நேர வகுப்பு என்று வைத்தால், 18 கிரெடிட்டுக்கு 270 மணி நேரம். பிளேஸ்மென்ட் டிரெய்னிங், புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் படிக்க வேண்டும். ஆகவே, 'சும்மா ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு' என்று இறங்காதீர்கள்.

முதலில் கேள்வி, அப்புறம் பேப்பர்

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான். எலெக்டிவ் பட்டியலைப் பார்த்து, தலைப்பில் 'பசுமை', 'சுற்றுச்சூழல்' என்று வருவதையெல்லாம் டிக் பண்ணிவிடுவார்கள். கடைசியில் நான்கு பேப்பரிலும் அதே ஓசோன், அதே கார்பன் சுழற்சி. ஈ.வி.எஸ்ஸை நான்கு தடவை எழுதின மாதிரி ஆகிவிடும்.

தலைகீழாகத் தொடங்குங்கள். உங்கள் ஊரில் உங்களை உறுத்துகிற ஒரு விஷயம் எது? ஏரிக்கரையில் எரியும் குப்பையா, வருடா வருடம் தெருவில் நிற்கும் மழைத்தண்ணீரா, கடலரிப்பில் காணாமல் போகும் கரையா? அதை ஒரே ஒரு கேள்வியாக நோட்டில் எழுதுங்கள். பிறகு அதை ஐந்தாகப் பிரியுங்கள்.

1. இது எப்படி நடக்கிறது? (அறிவியல்)
2. யாருக்குப் பொறுப்பு? (சட்டம், நிர்வாகம்)
3. யாருக்கு லாபம், யார் தலையில் செலவு? (பொருளாதாரம்)
4. அங்கே வாழ்பவர்கள் யார், அவர்கள் என்ன சொல்கிறார்கள்? (சமூகவியல், வரலாறு, இலக்கியம்)
5. இதை எப்படி அளப்பது? (புள்ளியியல், வரைபடம்)

இந்த ஐந்தில் உங்கள் மேஜர் எதற்கு ஏற்கெனவே பதில் சொல்லித் தருகிறதோ, அதை அடித்துவிடுங்கள். மீதி நான்குக்கும் பேப்பர் தேடுங்கள். மேஜரில் கிடைப்பதையே மைனரில் மறுபடி வாங்க வேண்டாம்.

உதாரணத்துக்கு, நீங்கள் பி.காம். கேள்வி, 'பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பு ஏன், யார் சரி செய்ய வேண்டும்?' 24 கிரெடிட்டை நான்கு கிரெடிட் பேப்பர்களாக எடுத்தால் மொத்தம் ஆறு. சூழலியல் அடிப்படை ஒன்று, நீரின் தரம் பற்றி ஒன்று, சுற்றுச்சூழல் சட்டம் ஒன்று, ஊரகச் சமூகவியல் ஒன்று, ஜி.ஐ.எஸ் எனப்படும் கணினி வரைபடம் ஒன்று, கடைசியில் களப்பணி புராஜெக்ட். காசுக் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் பொருளாதாரம் பட்டியலில் இல்லை.

நீங்களே கெமிஸ்ட்ரி மாணவர் என்றால் நீரின் தரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருளாதாரத்தைப் போடுங்கள். இலக்கியம் படிப்பவருக்குப் பேட்டி எடுத்து எழுதுவது கைவந்த கலையாக இருக்கும். அவர் பயந்து ஒதுக்கும் புள்ளியியலைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

டிபார்ட்மென்ட்டில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஓ.டி-யிடமோ, தேர்வுப் பிரிவிலோ இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

* மைனர் பேப்பரில் ஃபெயில் ஆனால் அது அரியர் கணக்கில் வருமா? இடையில் மைனரை விட்டுவிட முடியுமா?
* அந்த மார்க், சி.ஜி.பி.ஏ-வில் சேருமா? மைனரில் சேர மார்க் தகுதி உண்டா?
* இந்த பேப்பருக்கு முன்னால் வேறு ஏதாவது படித்திருக்க வேண்டுமா? ப்ளஸ் டூ-வில் கெமிஸ்ட்ரி எடுக்காதவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.
* எந்த செமஸ்டரில் நடத்துவார்கள்? உங்கள் லேப் நேரத்தோடு மோதினால் என்ன வழி?
* ஸ்வயம், என்.பி.டி.இ.எல் ஆன்லைன் கோர்ஸ்களைக் கிரெடிட்டாக ஏற்பார்களா? பொதுவாக 12 வாரக் கோர்ஸுக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. ஆனால், உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

"எங்க காலேஜ்ல மைனரே இல்லையே?"

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் மைனர் என்ற பெயரில் எதுவும் இருக்காது. கவலை வேண்டாம். நான்-மேஜர் எலெக்டிவ், வேல்யூ ஆடட் கோர்ஸ், இன்டர்ன்ஷிப், கடைசி வருட புராஜெக்ட் எல்லாமே காலி இடங்கள்தான். ஐந்து கேள்விகளையும் இவற்றில் பிரித்துப் போட்டால், மார்க் ஷீட்டில் பெயர் வராவிட்டாலும் படிப்பு வந்துவிடும். க்யூ-ஜி.ஐ.எஸ் மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் உங்கள் ஊர் ஏரியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம்.

இன்னொரு வகுப்பறையும் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் பலவற்றுக்கு அனுமதி கொடுக்கும் முன், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். உங்கள் மாவட்டத்தில் நடந்தால் ஒருமுறை போய் உட்காருங்கள். கம்பெனிக்காரர் ஒரு பாஷை பேசுவார், அதிகாரி ஒரு பாஷை பேசுவார், மீனவரோ விவசாயியோ இன்னொரு பாஷை பேசுவார். மூன்றும் புரிகிற ஆள் அந்தப் பந்தலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை கிடைக்குமா?

வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதானே. மைனர் மட்டும் வேலை வாங்கித் தராது. உங்கள் மேஜரோடு சேரும்போது அதற்கு மதிப்பு. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், தண்ணீர், மின்சாரம், கழிவு பற்றியெல்லாம் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கையைத் தயாரிக்கக் கணக்கும் தெரிய வேண்டும், கழிவுநீரும் தெரிய வேண்டும். சட்டம் படிப்பவர்களுக்கு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. என்னைப் போல எழுத வருபவர்களுக்கு எவ்வளவு தேவை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெரியவருக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? நான்கைந்து பேரிடம் கேட்டு, ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். குடிக்கவே கூடாத தண்ணீர் அது. சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அது எங்களுக்குத் தெரியும்மா. அதை எங்க போய், எப்படிச் சொன்னா கேப்பாங்கன்னு தெரியலை" என்றார்.

அதற்கும் அன்று என்னிடம் பதில் இல்லை. நீங்கள் இன்னும் காலேஜில்தான் இருக்கிறீர்கள். அடுத்த செமஸ்டர் எலெக்டிவ் ஃபார்ம் வரும்போது, டிக் பண்ணும் முன் உங்கள் ஊர்க் கேள்வியை முதலில் எழுதுங்கள்.