பதினொருவர் பட்டியலும் சப்ரகமுவ தோட்டத்து ரசிகனும்

இலங்கை கிரிக்கெட் அணி தோல்வியுற்ற மறுநாள் காலையில் நாடெங்கும் தெரிவுக்குழுக்கள் கூடுகின்றன. தேநீர்க் கடைகளிலும் பஸ் நிலையங்களிலும் கூடும் இக்குழுக்களின் உறுப்பினர்களுக்கு எவரும் நியமனக் கடிதம் வழங்குவதில்லை. அவர்களும் அதனை எதிர்பார்ப்பதில்லை. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்தில், எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பால் வெட்டு முடிந்து திரும்பும் வேளையில், மாவனல்லைக் கடைத்தெருவில் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வருவோர் மத்தியில் என்று எங்கும் எழுவது ஒரே கேள்விதான். அவரை ஏன் எடுத்தார்கள், இவரை ஏன் விட்டார்கள்?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளில் வாழும் தமிழ் ரசிகர்களும் அங்குள்ள நகரங்களில் வாழும் முஸ்லிம் ரசிகர்களும் கூறும் அபிப்பிராயங்களை வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அவற்றுட் சில தெரிவாளர்களின் முடிவுகளைவிடச் சரியாக இருந்துள்ளன. வேறு சில ஆத்திரத்தின் விளைவுகள். இன்னும் சில, கேட்கவேண்டிய இடத்தில் கேட்கப்படாத நியாயமான கேள்விகள்.

2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அரையிறுதியில் நியூஸிலாந்தை வீழ்த்திய அணியில் நான்கு மாற்றங்களைச் செய்துகொண்டு இலங்கை அன்று களமிறங்கியது. காயமடைந்த அஞ்சலோ மத்யூஸுடன் சாமர சில்வா, ரங்கன ஹேரத், அஜந்த மெண்டிஸ் ஆகியோரும் நீக்கப்பட்டு, திசர பெரேரா, சாமர கப்புகெதர, நுவன் குலசேகர, சுராஜ் ரந்தீவ் ஆகியோர் சேர்க்கப்பட்டனர். ரந்தீவ் காயமடைந்தவருக்குப் பதிலாக இறுதி நேரத்தில் இலங்கையிலிருந்து அழைக்கப்பட்டவர். அரையிறுதியில் மூன்று விக்கெட்டுகளைக் கைப்பற்றிய மெண்டிஸ் வெளியே அமர்ந்திருந்தார். மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்களைப் பெற்றுக்கொடுக்க இலங்கை 274 ஓட்டங்களைக் குவித்த போதிலும், இந்தியா 10 பந்துகள் மீதமிருக்க ஆறு விக்கெட்டுகளால் வெற்றியீட்டியது.

அன்று தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. அணியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 2008இல் கராச்சியில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 13 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்து இந்தியாவைத் திகைக்க வைத்த மெண்டிஸின் மர்மத்தை, பின்வந்த ஆண்டுகளில் இந்தியத் துடுப்பாட்ட வீரர்கள் பெருமளவு அவிழ்த்திருந்தார்கள். மத்யூஸ் இல்லாதபோது அணியின் சமநிலையும் குலைந்திருந்தது. ஆயினும், வென்றுகொண்டிருக்கும் அணியில் ஒரே நாளில் நால்வரை மாற்றுவது எந்தக் கணக்கின்படியும் துணிச்சலைத் தாண்டிய செயல் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். அம்முடிவு உரிய முறையில் மக்களுக்கு விளக்கப்படாமையால் ஐயம் வளர்ந்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்து 2020இல் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகே அப்போட்டி விற்கப்பட்டது என்று பகிரங்கமாகக் கூறும் அளவுக்கு அது சென்றது. பொலிஸார் விசாரணை நடத்தி, ஆதாரம் இல்லையென்று அதனை முடித்துக்கொண்டனர். விளக்கமளிக்கப்படாத தெரிவு எத்தகைய நிழலை வீழ்த்தும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அந்த இறுதிப் போட்டி சப்ரகமுவ தோட்டங்களில் வேறொரு வகையிலும் நினைவில் நிற்கிறது. எதிரே நின்றது இந்தியா. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து, ஒப்பந்தங்களால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை எஞ்சியோர் காத்திருக்க நேர்ந்த ஒரு மக்கள் கூட்டத்திடம் "நீ எந்தப் பக்கம்?" என்று வேடிக்கையாகக் கேட்டாலும் அது வேடிக்கையாக ஒலிப்பதில்லை. நுவரெலியாவைப் போன்று தமிழர் செறிந்து வாழும் பிரதேசமல்ல இது. ஒவ்வொரு தோட்டத்தையும் சூழ்ந்து சிங்களக் கிராமங்கள் உள்ளன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட முதியவர்கள் லயன்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே இலங்கை அணியின் வீரரொருவரின் ஆட்டத்தைக் குறை கூறும்போது கூட இங்குள்ள ரசிகன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே கூறுகிறான். கொழும்பில் ஒருவர் "இந்த அணியைக் கலைத்துவிட வேண்டும்" என்று கத்தினால் அது தேசப்பற்று. இறக்குவானையில் ஒரு தமிழ் இளைஞன் அதையே கூறினால் அது வேறொன்றாகக் கேட்கப்படலாம். இளைய தலைமுறையினரிடம் இத்தயக்கம் குறைந்து வருகின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது.

இனி, வீரரொருவரின் ஆற்றலை ரசிகர்கள் எவ்வாறு அளக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் கடைசியாகக் கண்ட ஆட்டமே அளவுகோலாகிறது. அதற்கடுத்து சராசரி. சராசரி என்பது நம்பத்தக்க எண்தான் என்றாலும் தனியாக நின்றால் ஏமாற்றும். மஹேல ஜயவர்தனவின் டெஸ்ட் சராசரி ஏறத்தாழ 50. சொந்த மண்ணில் அது 60ஐத் தொட்டது. வெளிநாடுகளில் 40 அளவிலேயே நின்றது. கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மட்டும் அவர் 2,921 டெஸ்ட் ஓட்டங்களைப் பெற்றார். அவர் மாபெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த ஆடுகளத்தில், எந்த எதிரணிக்கு எதிராக என்று கேளாமல் எண்களை ஒப்பிடுவது, மழைக்காலத்துக் கொழுந்தையும் வரட்சிக் காலத்துக் கொழுந்தையும் ஒரே நிறையில் எதிர்பார்ப்பதற்குச் சமம். தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

வெளியே அமர்த்தப்பட்டவரைப் பற்றிய ரசிகரின் உள்ளுணர்வு சரியாக அமைந்த சந்தர்ப்பமும் உண்டு. 2014 இருபது20 உலகக் கிண்ணத் தொடரின் ஆரம்பப் போட்டிகளில் ஹேரத் இடம்பெறவில்லை. சிட்டகொங்கில் மார்ச் 31ஆம் திகதி நியூஸிலாந்துக்கு எதிராக அவர் அழைக்கப்பட்டபோது இலங்கை 119 ஓட்டங்களையே பெற்றிருந்தது. ஹேரத் மூன்று ஓட்டங்களை மாத்திரம் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளைக் கைப்பற்ற, நியூஸிலாந்து 60 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பந்துவீச்சைத் தாமதித்தமைக்காக அப்போட்டியில் தடைசெய்யப்பட்டிருந்த அணித்தலைவர் தினேஷ் சந்திமால், தடை நீங்கிய பின்னரும் அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடாமல் விலகி நிற்க, லசித் மாலிங்க தலைமையில் இலங்கை கிண்ணத்தை வென்றது. அணித்தலைவரே தம் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க உடன்பட்ட அந்நிகழ்வு உரிய அளவு பேசப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

தோல்விகள் தொடரும்போது ரசிகர்கள் எழுப்பும் மற்றொரு குரல், "அமைச்சர் தலையிட வேண்டும்" என்பது. இக்கோரிக்கைக்குச் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், தேசிய அணிகள் விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரத்தைப் பெறவேண்டும். தெரிவாளர்கள் தயாரிக்கும் பட்டியல் அவரது மேசைக்குச் சென்று திரும்பிய பின்னரே பட்டியலாகிறது. 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்படவிருந்த ஒன்பது வீரர்கள், அமைச்சரின் அங்கீகாரம் கிடைக்காமையால் பயணம் தடைப்பட்டுத் திரும்ப நேர்ந்தது.

ஆனால் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் விதிகள் அரசாங்கத் தலையீட்டை ஏற்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடு 2023இல் வெடித்தது. அவ்வாண்டு உலகக் கிண்ணத் தொடரில் நவம்பர் 2ஆம் திகதி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு இலங்கை சுருண்டபோது மக்களின் கோபம் எல்லை கடந்தது. அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் நிர்வாக சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. நவம்பர் 10ஆம் திகதி சர்வதேசப் பேரவை இலங்கையின் அங்கத்துவத்தையே இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28ஆம் திகதி வரை அது நீடித்தது. இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குக் கைமாறியது. தண்டனையை உண்மையில் அனுபவித்தவர்கள் சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்த அந்தச் சிறுவர்களே.

இது இவ்வாறிருக்க, தமிழ், முஸ்லிம் ரசிகர்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் ஒரு விடயத்தைத் திறந்து பேசவேண்டியுள்ளது. பட்டியல் வெளியானவுடன் நம்மவர் பெயர் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பர்வீஸ் மஹ்ரூப் அடிக்கடி உதாரணமாகக் காட்டப்படுகிறார். 2006 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைக் கைப்பற்றியவர். 2010 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராக ஹட்ரிக் சாதனை படைத்தவர். ஆயினும் அடுத்த ஆண்டு உலகக் கிண்ணக் குழாமில் அவர் இல்லை. மனவேதனைக்குரிய முடிவுதான். ஆனால் அவ்விடத்துக்கு அப்போது மத்யூஸும் திசர பெரேராவும் வந்துவிட்டிருந்தனர். அந்த மத்யூஸ், தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர். 2013 முதல் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கியவர். இனமே காரணம் என்று ஒரு தனிப்பட்ட நீக்கத்தை வைத்து முடிவுகட்டுவதற்கு இவ்விடத்தில் ஆதாரம் போதாது.

அவ்வாறாயின் பாரபட்சமே இல்லையா? அதற்கும் முரளிதரனே விடை என்று மறுதரப்பினர் கூறுவர். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள். தென்னிந்தியாவிலிருந்து தோட்டத் தொழிலுக்கு வந்தவரின் பேரன். மலையகத் தமிழர் ஒவ்வொருவரும் பெருமைப்படத்தக்க வரலாறு இது. ஆனால் அவர் லயன் அறையிலிருந்து நேரே காலி மைதானத்துக்குச் சென்றவர் அல்லர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகன் படித்தது புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கு மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கிய சிறுவனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துவீச்சுக்குத் திருப்பியவர் அக்கல்லூரியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஆலோசனையை வழங்க ஒரு பயிற்றுநர் அங்கு இருந்தார் என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது.

சப்ரகமுவ தோட்டப் பாடசாலையொன்றில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர்கள் போதாத பாடசாலைகளில் இக்கேள்வி ஆடம்பரமாகத் தோன்றலாம். தோட்டத்து இளைஞர்கள் கிரிக்கெட் ஆடாமலில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. சரிவான மைதானத்தில், ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் பள்ளமுமாக, ஐந்து ஓவர் ஆட்டத்தில் அவர்கள் காட்டும் வேகம் பார்ப்போரை வியக்க வைக்கும். ஆனால் மென்பந்து வேறு, கடினபந்து வேறு. மென்பந்து தையலில் பட்டுத் திரும்புவதில்லை. ஆடுகளத்தின் தன்மையைப் பந்துவீச்சாளனுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. துடுப்பாட்ட வீரனின் முன்காலைத் தண்டிப்பதுமில்லை. பதினாறு வயதில் முதன்முறையாகக் கடினபந்தைக் காணும் சிறுவன், பதினொரு வயதிலிருந்தே அதனை ஆடிவரும் நகர்ப்புறச் சிறுவனுடன் எவ்வாறு போட்டியிடுவான்?

செலவையும் கருதவேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நல்லதொரு ஆங்கில வில்லோ மட்டையை வாங்க, அத்தொழிலாளியின் ஒரு மாத உழைப்பு முழுவதும் போதாது. காலுறை, கையுறை, தலைக்கவசம் தனி. இவற்றையெல்லாம் கடந்தாலும் முதல்தரக் கழகங்களுட் பெரும்பாலானவை கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் உள்ளன. பாடசாலை மட்ட வயதுப் பிரிவுகள், அதன்பின் கழகம், அதன்பின் தேசிய வளர்ந்துவரும் அணி என்பதே தெரிவாளரின் பார்வைக்கு வரும் ஏணி. தெரிவாளர் மேசையில் வைக்கப்படும் முப்பது பெயர்களுள் எட்டியாந்தோட்டைச் சிறுவனின் பெயரை வேண்டுமென்றே எவரும் அடித்துவிடவில்லை. அது அம்மேசையை வந்தடையவே இல்லை.

இந்த ஏணியைச் சுற்றிச் செல்லும் ஒரு பாதையும் அண்மையில் தென்பட்டுள்ளது. அதுவும் இரத்தினபுரி மாவட்டத்திலேயே. பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடைப்பட்ட ஓபநாயக்கவைச் சேர்ந்த எஷான் மாலிங்க, வேகப்பந்துவீச்சாளர்களைத் தேடும் போட்டியொன்றின் மூலம் கவனத்துக்கு வந்தவர். 2025 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக ஒருநாள் அணியில் அறிமுகமானார், அவ்வாண்டே ஐ.பி.எல். தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடினார். அவர் சிங்கள மாணவர்தான் என்றாலும் அவர் வந்த வழி நமக்கு முக்கியமானது. அத்தகைய போட்டியில் பந்தின் வேகத்தை ஒரு கருவி அளக்கிறது. வீசியவரின் கல்லூரி எது, கழகம் எது, வீட்டில் பேசும் மொழி எது என்று அக்கருவி கேட்பதில்லை.

அக்கருவியுடன் பயிற்றுநர் இருவரை ஒரு சனிக்கிழமை இறக்குவானைக்கும், மறு சனிக்கிழமை எட்டியாந்தோட்டைக்கும் அனுப்பிவைக்க ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்துக்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் அதற்கான அறிவித்தலைத் தமிழிலும் அச்சிட்டு, தோட்டப் பாடசாலைகளுக்கு இரு வாரங்களுக்கு முன்னரே அனுப்பவேண்டும். தோட்ட நிர்வாகங்கள் அன்றைய தினம் ஒரு லொறியை ஒழுங்கு செய்து கொடுத்தால் போதும்.