பாரில் பிடிபடும் மீன் எங்கே வளர்ந்தது?

பவளப்பாறையை, அதாவது பாரை, காப்பாற்றினால் அதில் வாழும் மீன்களும் தப்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பல கடல் சரணாலயங்களுக்கு எல்லை வகுக்கப்பட்டது. கரீபியன் கடலிலுள்ள குரசாவ் தீவில் இவான் நாகல்கெர்கன் என்ற கடல் உயிரியலாளர் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையை அசைத்தன. நீரில் மூழ்கி மீன்களை இனவாரியாக எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் கண்ணால் மதிப்பிடுவதுதான் அங்கே கையாண்ட முறை. உள்வாங்கிய விரிகுடாக்களின் கடற்புல் வெளிகளிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் செப்பிலி, சீலா போன்றவற்றின் குஞ்சுகள் மொய்த்துக் கிடந்தன. வெளியே பாரிலோ அதே இனங்களில் பெரியவை மட்டுமே தென்பட்டன. குஞ்சுகள் விரிகுடாவில் வளர்ந்து பிறகு பாருக்குக் குடிபெயர்கின்றன என்பதே இதற்கு எளிய விளக்கம்.

எளிய விளக்கம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. விரிகுடாக் குஞ்சுகள் அத்தனையும் அங்கேயே இரையாகி மடிய, பாரில் ஒளிந்து வளர்ந்த சில குஞ்சுகளே அங்குள்ள பெரிய மீன்களாகியிருக்கலாம் அல்லவா? நியாயமான எதிர்வாதம் இது. குஞ்சுகள் நிறைந்திருப்பதால் மட்டும் ஓரிடம் நாற்றங்கால் ஆகிவிடாது, வளர்ந்த மீன்களின் கூட்டத்துக்கு அது எத்தனை மீன்களை அனுப்புகிறது என்பதே அளவுகோல் என்று 2001-இல் சூழலியலாளர்கள் சிலர் வரையறுத்தார்கள். மறு ஆண்டு நாகல்கெர்கனும் சக ஆய்வாளர்களும் அலையாத்தியும் கடற்புல்லும் உள்ள தீவுகளையும் அவை இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு, விரிகுடாவில் வளரும் 17 மீன் இனங்களைக் கணக்கெடுத்தார்கள். இரண்டுமில்லாத தீவுகளின் பார்களில் அவற்றுள் பெரும்பாலானவை அரிதாக இருந்தன, அல்லது அறவே இல்லை. இதுவும் வலுவான சான்றுதான். ஆனாலும் இரு தீவுகளுக்கிடையே வேறுபடுவது அலையாத்தி ஒன்று மட்டுமல்ல. நீரோட்டம் வேறு, மீன்பிடிப்பு வேறு. மீனிடமே கேட்டால்தான் சந்தேகம் தீரும்.

கேட்க வழி இருக்கிறது. கத்தாழை மீனின் தலையைக் குழம்பில் சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் இடறும் அந்த வெள்ளைக் கல் தெரிந்திருக்கும். அதுதான் செவிக்கல். எலும்பு மீன்களின் உள்காதில் மூன்று இணை செவிக்கற்கள் உண்டு. உடல் சமநிலைக்கும் ஒலியை உணரவும் அவை உதவுகின்றன. கால்சியம் கார்பனேட் அடுக்கடுக்காகப் படிந்து கல் வளர்கிறது. அதில் நாளுக்கொரு வளையம் விழுவதை 1971-இல் ஜார்ஜியோ பன்னெல்லா எடுத்துக்காட்டினார். எலும்பு கரைந்து மறுபடி உருவாகும். செவிக்கல்லில் படிந்தது படிந்ததுதான். கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால் நடுவில் குஞ்சுப் பருவமும் விளிம்பில் பிடிபட்ட காலமும் தெரியும். அலையாத்திக் காட்டின் உணவுச் சங்கிலியில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகை குறைவு, கடற்புல் வெளியில் அதிகம். இரை வழியாகவும் நீர் வழியாகவும் இந்த வேறுபாடு கல்லில் பதிகிறது. ஆகவே பாரில் பிடித்த பெரிய மீனின் கல்லில் நடுப்பகுதியை மட்டும் துளையிட்டு எடுத்துச் சோதித்தால், அது எங்கே வளர்ந்ததென்று தெரிந்துவிடும். மீன் சூழலியலில் இவ்வளவு நேரடியான சான்று அபூர்வம்.

கரீபியனில் ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அதனால் அலையாத்தி வேர்கள் எப்போதும் நீரில் நிற்கின்றன; இந்தியப் பெருங்கடலின் பல கரைகளிலோ நீர் வற்றும்போது வேர்கள் வெளியே தெரியும், மீன் அங்கே தங்க முடியாது, ஆகவே கரீபியன் முடிவு இங்கே செல்லாது என்று நெடுநாள் வாதிடப்பட்டது. ஓத வேறுபாடு பெரிதாக உள்ள தான்சானியாவில் இஸ்மாயேல் கிமிரெய் குழுவினர் செவிக்கற்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவுகள் இந்த வாதத்தைத் தளர்த்தின. பங்கு இனத்துக்கு இனம் மாறினாலும், பாரில் பிடித்த செப்பிலி, விளமீன் வகைகளில் கணிசமானவை ஆழமற்ற கரையோர வாழிடங்களில் வளர்ந்தவையே. இந்த மீன் வகைகள் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடுகின்றன. இங்கே ஓதம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது என்பதால், இந்தக் கேள்வி நம் கரைக்கு இன்னும் நெருக்கமானது.

எல்லாப் பார் மீன்களுக்கும் அலையாத்தி தேவை என்று யாரும் சொல்லவில்லை. நேரே பாரில் இறங்கி வளர்பவை ஏராளம். ஆனால் தேவைப்படுகிறவற்றுக்கு மாற்றிடம் எளிதில் கிடைப்பதில்லை. பீட்டர் மம்பி குழுவினரின் 2004 ஆய்வில், அருகே அலையாத்தி செழித்த பார்களில் விற்பனைக்குரிய சில மீன் இனங்களின் மொத்த எடை இருமடங்குக்கும் மேல் இருந்தது. அட்லாண்டிக்கின் மிகப்பெரிய தாவர உண்ணி மீனான வானவில் கிளிமீன், அலையாத்தி வெட்டப்பட்ட ஓரிடத்தில் அடியோடு மறைந்துபோனதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறோரிடத்தில் அதே பரப்பில் கன்று நட்டுவிடுகிறோம் என்பது திட்டக்காரர்கள் வழக்கமாகத் தரும் பதில். கரியைச் சேமிக்கவோ மண்ணரிப்பைத் தடுக்கவோ அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். மீனுக்குப் பொருந்தாது: நீந்திச் சேரும் தொலைவில் பார் இல்லாத கரையில் எத்தனை ஏக்கர் நட்டாலும், பழைய பாருக்கு அங்கிருந்து ஒரு செப்பிலியும் வந்து சேராது.