எந்த வாஷர் எதற்கு?

மருந்தடிக்கும் டாங்கியைச் சுமக்கும்போது முதுகுச் சட்டை நனைகிறதா? வியர்வை என்று விட்டுவிடாதீர்கள். மூடியிலோ பம்பியிலோ உள்ள வாஷர் கெட்டிருந்தால் சட்டையில் வடிவது மருந்தாக இருக்கலாம். தோல் வழியாகவே அது உடலுக்குள் போய்விடும்.

இடம்பெயர்ந்து வந்து, பழைய டாங்கியோடும் இரவல் பம்பியோடும் மீண்டும் மரக்கறி பயிரிடும் குடும்பங்கள் பலவற்றில், வாஷர் போனால் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடுவது வழக்கம். பச்சைத் தண்ணீர் ஓடும் குழாய்க்கு அது போதும். எண்ணெய்க்கும் மருந்துக்கும் உதவாது.

1876இல் பிரேசில் விதையில் முளைத்த கன்றுகளைக் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அந்த மரத்தின் இறப்பர் நன்றாக இழுபடும். மண்ணெண்ணெயில் ஊறினாலோ உப்பிவிடும். அந்தக் குறையை வெகுவாகக் குறைத்தது, 1930களில் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்த நைட்ரைல் என்னும் செயற்கை இறப்பர். பெற்றோல், டீசல், என்ஜின் ஒயில் ஓடும் இடத்துக்கு அதுவே ஏற்றது. ஆனால் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும்.

ஈ.பி.டி.எம். இதற்கு நேர்மாறு. வெயில், மழை, சுடுநீர் எதற்கும் அசையாது. எண்ணெய் பட்டால் கெடும். ஆகவே தண்ணீர்ப் பம்பியின் ஈ.பி.டி.எம். வளையத்துக்கு வாசலினோ சாதாரண கிறீசோ பூசாதீர்கள். சிலிக்கன் கிறீஸ் பூசலாம்; கிடைக்காவிட்டால் சவர்க்கார நீர் போதும். பிரஷர் குக்கரில் உள்ள சிலிக்கன் வளையம் 200 பாகை செல்சியஸ் சூட்டையும் தாங்கும், ஆனால் எளிதில் கிழியும், பெற்றோலுக்கு ஆகாது.

தண்ணீரில் கலந்தால் பாலாக வெளுக்கும் மருந்துகளில் பெரும்பாலும் எண்ணெய்க் கரைப்பான் உண்டு. அது ஈ.பி.டி.எம்.மை ஊதவைக்கும், நைட்ரைலையும் நாளடைவில் இளக்கும். நல்ல டாங்கிகளில் விட்டன் வளையம் இருப்பது இதனால்தான். விலை அதிகம், ஆனாலும் இந்த ஓரிடத்தில் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்பேன். விட்டனுக்கும் ஒரு பலவீனம் உண்டு, குளிர். 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்டது, கடுங்குளிரில் விறைத்த இத்தகைய வளையம் உடனே விரிந்து இடைவெளியை மூடாததால்தான். நுவரெலியாவின் தை மாதப் பனிக்கு அவ்வளவு அஞ்சவேண்டியதில்லை.

பெரும்பாலானவை கறுப்பாகவே இருப்பதால் கண்ணால் பிரித்தறிவது கடினம். கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமானால் பழைய வாஷரின் ஒரு துண்டை, அடுப்புக்கு எட்டத்தில், ஓர் இரவு மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் பருத்துக் கொழகொழத்திருந்தால் அந்த இனம் எண்ணெய்க்கோ பால்போல் வெளுக்கும் மருந்துக்கோ ஆகாது.