செங் என்னும் குடும்பப் பெயர்

மாணவர்களே,

வரலாற்று விடைத்தாள்களில் சீனப் பெயர்கள் வரும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. ஒரே ஆளை இருவராக எழுதுவது ஒன்று. ஒரே குடும்பப் பெயர் உடையோரை உறவினர் என எழுதுவது மற்றொன்று. இரண்டினாலும் புள்ளிகள் வீணே குறைகின்றன.

முதலில் நமக்குத் தெரிந்த உதாரணத்தைப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் பெர்னாண்டோ என்ற பெயருடைய தமிழரும் உளர், சிங்களவரும் உளர். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு பரவிய பெயர் அது. அதனால் மட்டும் அவர்கள் ஒருவருக்கொருவர் உறவினராகிவிட மாட்டார்கள். போர்த்துக்கேய வம்சத்தினரும் ஆகமாட்டார்கள். செங் என்னும் பெயரும் இத்தகையதே.

1. எழுதும் முறை

சீனர் குடும்பப் பெயரை முதலிலும் சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுவர். செங் ஹோ என்பதில் செங் குடும்பப் பெயர், ஹோ சொந்தப் பெயர். சில நூல்களில் ஷெங் ஹே எனக் காணப்படுபவரும் இவரே. இதே சீன எழுத்து கொரியாவில் சுங் எனவும், வியட்நாமில் திரின் எனவும், சிங்கப்பூரில் டே எனவும் வழங்குகின்றது. ஹூண்டாய் நிறுவனத்தை ஆரம்பித்த சுங் ஜூ யுங்கின் குடும்பப் பெயரும் இதுவே.

2. இடத்தால் வந்த பெயர்

பண்டைய சீனாவில் செங் என்றொரு சிற்றரசு இருந்தது. கி.மு. 375இல் ஹான் அரசு அதனைக் கைப்பற்றியது. நாட்டை இழந்த மக்கள் அதன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டனர். இன்றைய ஹெனான் மாகாணத்தின் தலைநகரான செங்சௌவின் பெயரிலும் அதே எழுத்து உண்டு.

3. அரசர் வழங்கிய பெயர்

செங் ஹோ யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் மா என்னும் குடும்பப் பெயருடன் பிறந்தவர். யொங்லே பேரரசரே அவருக்குச் செங் என்ற பெயரை வழங்கினார். 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள் நடைபெற்றன. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றது. கொழும்பு தேசிய நூதனசாலையில் அதனைக் காணலாம். வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை, ஒருமுறை சென்று பாருங்கள். வீர அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றவரும் இவரே.

4. பிறப்பால் வந்த பெயர்

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அதே ஒல்லாந்தரை 1662இல் தாய்வானிலிருந்து வெளியேற்றியவர் செங் செங்கொங். இவர் பிறப்பால் செங் குடும்பத்தினர். ஆனால் மிங் அரசர் ஒருவர் தமது அரச குலப் பெயரையே இவருக்கு வழங்கிக் கௌரவித்தார். ஒருவருக்குச் செங் என்ற பெயர் பரிசாகக் கிடைத்தது. மற்றவர் செங்காகப் பிறந்து வேறு பெயரைப் பரிசாகப் பெற்றார்.

1753இல் கண்டி இராச்சியத்துக்கு உபசம்பதாவை மீண்டும் வழங்கிய பிக்குகள் அயுத்தியாவிலிருந்து வந்தனர் என்பதைப் படித்திருப்பீர்கள். அந்நகர் 1767இல் வீழ்ந்த பின் சீயத்தை மீள ஒன்றிணைத்த தக்சின் மன்னரின் தந்தையும் செங் குடும்பப் பெயருடைய சீனரே.

மனதிற் கொள்க: குடும்பப் பெயர் உறவுக்குச் சான்றன்று. அது இடத்தாலோ, பிறப்பாலோ, அரசர் கொடையாலோ வந்திருக்கலாம். எப்படி வந்தது என்று அறிந்த பின்னரே முடிவை எழுதுங்கள்.

மாதிரி வினா: செங் ஹோவும் செங் செங்கொங்கும் ஒரே குடும்பத்தினர் எனக் கூறலாமா? காரணம் தருக.

விடைக்குறிப்பு: பெயரைக் கொண்டு அவ்வாறு கூறமுடியாது. செங் ஹோவின் பிறப்புக் குடும்பப் பெயர் மா. செங் என்பது பேரரசர் வழங்கியது. செங் செங்கொங்குக்கு அது பிறப்பால் வந்தது.