நழுவிய குவளையும் நழுவாத மனமும்



அவசரமாகக் கிளம்பும் காலை நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. வெளுத்துக் காயப்போட்ட துணி திடீர் மழையில் நனைகிறது. நாம் நிறுத்தத்தை எட்டுவதற்குள் பேருந்து புறப்பட்டுவிடுகிறது. இவையெல்லாம் பெரிய துன்பங்கள் அல்ல. இவற்றுக்காக ஆறுதல் சொல்ல யாரும் நம் வீடு தேடி வருவதில்லை. ஆனாலும், பெரிய இழப்புகளை விசுவாசத்தோடு தாங்கிக்கொள்ளும் நாம், இத்தகைய சின்னச் சின்னச் சங்கடங்களில் நிதானம் இழந்துவிடுகிறோம்.

சிறுபிள்ளையின் கையிலிருந்து கண்ணாடிக் குவளை நழுவி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்டதும் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது? "யார் உடைச்சது?" என்பதா? "காலில் ஏதும் குத்திடுச்சா?" என்பதா?

குவளை ஒரு நொடியில் உடைந்துவிட்டது. நம் கோபத்தால் அதை ஒட்டவைக்க முடியாது. ஆனால் அடுத்த நொடி நம் கையில் இருக்கிறது. முதல் கேள்வியை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, மறுமுறை உடைந்ததை ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது. வளர்ந்தபின் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போதும் நம்மிடம் வந்து சொல்லத் தயங்குகிறது. குவளைக்குக் கடையில் மாற்று உண்டு. இழந்த நம்பிக்கைக்கு அப்படி மாற்று கிடைப்பதில்லை.

திருத்தூதர் பவுலைப் பாருங்கள். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் அவர் ஏறிய கப்பல் கடும் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். 14 நாள்களாக அவர்கள் சரியாக உண்ணவில்லை. பவுல் அனைவரையும் சாப்பிடச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அப்பத்தை எடுத்துக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார். அப்போது புயல் ஓய்ந்திருக்கவில்லை, கரையும் கிட்டவில்லை. ஆபத்து நீங்கிய பிறகு நன்றி சொல்வது எளிது. அவரோ ஆபத்தின் நடுவிலேயே நன்றி சொன்னார்.

கப்பல் உடைந்தது. அனைவரும் உயிர்தப்பி மால்தா தீவில் கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்காகத் தீவு மக்கள் தீ மூட்டினார்கள். பவுலும் சுள்ளி பொறுக்கி அந்தத் தீயில் போட்டார். அப்போது ஒரு விரியன் பாம்பு வெளிப்பட்டு அவர் கையைப் பற்றிக்கொண்டது. புயலுக்குத் தப்பியவருக்கு இது வேறா என்று நமக்குத் தோன்றும். பவுல் புலம்பவில்லை. பாம்பைத் தீயில் உதறிவிட்டார். சில வரிகள் கடந்ததும், அத்தீவின் தலைவருடைய தந்தை காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் கிடப்பதைக் காண்கிறோம். பவுல் இறைவனிடம் வேண்டி, தம் கைகளை அவர்மேல் வைத்துக் குணமாக்குகிறார். உதற வேண்டியதை உதறியதால் அடுத்தவரைத் தொட அவர் கை ஓய்வாக இருந்தது.

பவுலைப் போன்ற பெரியவருக்கு இது முடியும், நமக்கு முடியுமா என்று கேட்கலாம். 1888ஆம் ஆண்டு, தம் 15ஆம் வயதில், பிரான்சு நாட்டின் லிசியே நகரிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா இதற்கு விடை தருகிறார். அங்கே சன்னல் ஓரத்தில் இருந்த சிறு சாடி ஒன்று உடைந்துவிட்டது. அவர்தான் காரணம் என்று எண்ணிய நவதுறவியர் பொறுப்பாளர், இனிக் கவனமாக இருக்கும்படி கண்டித்தார். அதை உடைத்தது தெரேசா அல்ல. ஆனாலும் அவர் வாதாடவில்லை; தரையை முத்தமிட்டு, இனிக் கவனமாக இருப்பதாகச் சொன்னார். இது தமக்குக் கடினமாகவே இருந்தது என்றும், இறுதித் தீர்ப்பு நாளில் எல்லாம் வெளிப்படும் என்ற நினைவே ஆறுதல் தந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். இத்தகைய சிறு செயல்களில் அன்பை வாழ்ந்தவரை, 1997ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

ஆகவே, அமைதியாக இருப்பது என்றால் வலியே இல்லாததுபோல நடிப்பது அல்ல. அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதும் அல்ல. வலியை உணர்ந்தபடியே, அது நம்மை ஆள விடாமல் இருப்பதுதான் அமைதி.

இதற்கு மூன்று சிறு பழக்கங்கள் நமக்கு உதவும். ஏதேனும் தவறிவிட்டால், வாய் திறப்பதற்கு முன் ஒருமுறை நிதானமாக மூச்சிழுத்து, "இயேசுவே" என்று மனத்துக்குள் அழைப்போம். அடுத்து, பொருளைப் பார்க்கும் முன் ஆளைப் பார்ப்போம். மூன்றாவதாக, இரவுச் செபத்தின்போது அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்போம். எந்த இடத்தில் சீறினோம், யார் முகம் வாடியது என்று கேட்டு, மறுநாள் காலையே அவரிடம் மன்னிப்புக் கேட்போம். அது நம் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

இந்த வாரமும் நம் வீடுகளில் ஏதாவது சிந்தும், ஏதாவது உடையும். அப்போது நம் வாயில் வரும் முதல் வார்த்தை அன்பின் வார்த்தையாக இருக்க இறையருளை வேண்டுவோம். ஆமென்.