எலிஃபென்டாவுக்கு ஒரு டிக்கெட்

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபென்டா தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போகவர ஒரே டிக்கெட்தான். திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் சீறினால் படகு கிடையாது. காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மாலையில் திரும்பும் கூட்டத்தில் இடம் பிடிப்பது தனிக் கலை.

இத்தனையும் விசாரிக்கும் பயணிகள் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்பதில்லை. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபென்டாவுக்குப் புறப்பட்ட ‘நீல்கமல்’ படகில் 100 பேருக்கு மேல் இருந்தார்கள். எஞ்சின் சோதனைக்காக ஓட்டப்பட்ட கடற்படை விரைவுப் படகு கட்டுப்பாடிழந்து அதன்மீது மோதியது. ஒரு டஜனுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பயணிகளில் பலர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. கெடுபிடி வந்தது அதற்குப் பிறகுதான்.

வியர்க்கிறது, போட்டோவில் எடுப்பாக இல்லை என்று அதைக் கழற்றிவைப்பவர்கள் உண்டு. படகு நகரும் முன்பே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.