பட்டனைத் தட்டினால் கியர்

சிதம்பரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் என்னிடம் வரும் பெண்களில் பலர், "அக்கா, எனக்கு ஆட்டோமேட்டிக் போதும். கிளச் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியில் ஏறுகிறார்கள். நியாயம்தான். சாயங்காலம் தெற்கு வீதியில் முன்னால் ஷேர் ஆட்டோ, ஓரத்தில் பூக்கூடை, பின்னால் டவுன் பஸ்ஸின் ஹாரன். இதற்கு நடுவே கிளச்சை அரைவாசி விட்டுப் பிடித்தபடி வண்டியை நகர்த்து என்றால் யாருக்கும் வியர்க்கும். ஆனால் கிளச் போனதோடு கவனிக்க வேண்டியதும் போய்விட்டது என்று அவர்கள் நினைக்கத் தொடங்கும்போது, கியர் ராடே இல்லாமல் டேஷ்போர்டில் பட்டன் வைத்து வந்த அமெரிக்கக் கார்களின் கதையைச் சொல்வேன். அறுபது வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன கதை. என்றாலும் இன்று புதுக் கார் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும்.

எனக்கு அந்தக் கதை அப்பா மூலமாக வந்தது. கடலூர் ஓல்டு டவுனில் லாரி ஓட்டியவர் அவர். ஃபார்கோ லாரி. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுத் தயாரித்த வண்டி. டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களையும் 1940களின் கடைசியிலிருந்து அதே பிரீமியர்தான் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றது. அந்தக் கார்களில் சாதாரணமாக ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய ராடு இருக்கும், மூன்று கியர் இருக்கும், கிளச்சும் இருக்கும்.

பட்டன் கார்கள் இந்தியாவுக்கு வந்த வழி வேறு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. வெளிநாட்டுத் தூதரகத்தார் கொண்டுவந்த கார்களை, அவர்கள் ஊர் திரும்பும்போது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்து விற்கும். வசதியுள்ளவர்கள் கைக்குப் பெரிய அமெரிக்கக் கார்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அப்படி ஒன்று, ஆருத்ரா தரிசனத்துக்கு மெட்ராஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு மேல வீதியில் நின்றிருக்கிறது. அப்பா டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்டீயரிங் இடது பக்கம். கிளச் பெடல் இல்லை, ராடும் இல்லை. "பொத்தானை அமுக்கினா ரிவர்ஸ் விழுதும்மா!" என்று வயதான பிறகும் அதே வியப்போடு சொல்வார். ஃபார்கோவில் கியருக்குக் கியர் டபுள் கிளச் போட்டு, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து ராடை நகர்த்தியவர். அவருக்கு அது வியப்பாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

கிரைஸ்லர் இந்தப் பட்டன்களை 1956 மாடல் கார்களில் கொண்டுவந்தது. முதலில் பவர்ஃப்ளைட் என்ற இரண்டு கியர் பெட்டியோடு வந்தது. அடுத்த வருடமே டார்க்ஃப்ளைட் என்ற மூன்று கியர் பெட்டி பிளைமவுத்திலிருந்து இம்பீரியல் வரை எல்லா வகைக் கார்களுக்கும் வந்துவிட்டது. பட்டன்கள் டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருந்தன. அமெரிக்காவில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவதால், பட்டன்கள் கதவோரமாக அவர் கைக்கு மட்டுமே எட்டும். பக்கத்து சீட்டில் இருக்கும் குழந்தை எட்டி அமுக்கிவிட முடியாது. இந்த ஒரு யோசனைக்காகவே அந்த வடிவமைப்பாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சென்னையில் பழைய கார்கள் அணிவகுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிமையாளரின் அனுமதியோடு ஒரு டாட்ஜில் உட்கார்ந்து அந்தப் பட்டன்களை நானே அமுக்கிப் பார்த்தேன். பழைய டேப் ரெக்கார்டரில் பிளேயை அமுக்கினால் ஸ்டாப் எழும்புமே, அதுபோல ஒன்று உள்ளே போனதும் முன்பு அமுங்கியிருந்தது டக்கென்று வெளியே வந்தது. விரலுக்கு நல்ல கனம் தெரிந்தது. அந்தக் கனத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டனுக்குப் பின்னால் மின்சாரமே கிடையாது. ஓர் எஃகுக் கேபிள் நேராகக் கியர் பெட்டிக்குப் போகிறது. விரலின் பலத்தால் அங்கே ஒரு வால்வு நகர்கிறது. அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளச் தட்டு இருக்கும் இடத்தில், எண்ணெய் நிரம்பிய உருண்டையான கூடு ஒன்று இருக்கும். அதில் இன்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி வீசுகின்றன. அந்த வீச்சில் எதிர்ப்பக்கத்து இறக்கைகள் சுழல்கின்றன. இரண்டுக்கும் இடையே இரும்புப் பிடிப்பு இல்லாததால்தான் பிரேக்கை மிதித்து நின்றாலும் இன்ஜின் அணைவதில்லை. அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. நடுவில் ஒன்று, அதைச் சுற்றிச் சில, வெளியே ஒரு பல்வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோமோ அதற்கேற்ப வேகமும் திசையும் மாறும். பிடித்து நிறுத்துவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெயை எந்த வழியில் விடுவது என்று தீர்மானிப்பது வால்வு. ஆக, பட்டனைத் தட்டுகிறவர் 'முன்னே போ', 'பின்னே போ', 'சும்மா நில்' என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறார். முதல் கியரா மூன்றாம் கியரா என்பதை வண்டியே பார்த்துக்கொள்கிறது.

உறுதியான ஏற்பாடு அது. ஓடுகிற வேகத்தில் தவறிப்போய் ரிவர்ஸ் பட்டனை அமுக்கினாலும் பின்கியர் விழாமல் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும்படி எண்ணெய் வழியிலேயே தடுப்பு வைத்திருந்தார்கள். கியர் பெட்டியின் பின்பக்கமும் ஓர் எண்ணெய்ப் பம்ப் இருந்ததால், பேட்டரி இறங்கினால் வண்டியைத் தள்ளியே ஸ்டார்ட் செய்யலாம். இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் பொதுவாக அது நடக்காது. ஒரே குறை, முதலில் வந்தவற்றில் 'பி' என்ற பார்க்கிங் பட்டன் கிடையாது. வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்தான் துணை. பட்டன்களுக்குப் பக்கத்தில் பார்க்கிங்குக்கென்று சிறு நெம்புகோல் வந்தது 1960களில்தான்.

மற்றக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. மெர்க்குரியும் ராம்ப்ளரும் தங்கள் பங்குக்குப் பட்டன் வைத்தன. பேக்கார்டு 1956-ல் வைத்த பட்டன்கள் மின்மோட்டாரால் இயங்கின. அந்த மோட்டார் தொல்லை கொடுத்தது. டெட்ராய்டில் பேக்கார்டு கார் உற்பத்தியும் அதே வருடம் நின்றுபோனது. ஃபோர்டு கம்பெனியின் எட்செல் 1958 மாடலில் பட்டன்களை ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவிலேயே வைத்தார்கள். ஹாரன் அடிக்க எந்த ஓட்டுநரின் கையும் தானாகப் போகிற இடம் அது! அங்கே கியரை வைப்பதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கிரைஸ்லரின் பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது. நம்மைப்போல இடது பக்கச் சாலையில் ஓட்டும் ஆஸ்திரேலியாவில்கூட, 1962-ல் வந்த வேலியன்ட் காரில் அதைக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 1964 மாடலோடு கிரைஸ்லர் பட்டனைக் கைவிட்டு, மற்றவர்களைப் போல ராடுக்குத் திரும்பியது.

இந்த இடத்தில் நான் வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவேன். பட்டன் நன்றாக வேலை செய்தாலும், அன்றைய அமெரிக்காவில் கார் மாறினால் கியரின் இடமும் வரிசையும் மாறின. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி வைத்த கார்கள் பலவற்றில் வரிசை பி (பார்க்கிங்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எல் (லோ), ஆர் (ரிவர்ஸ்) என்று இருந்தது. முன்னே இழுக்கும் 'எல்'லுக்குப் பக்கத்திலேயே பின்னே போகும் 'ஆர்'. நடுவே நியூட்ரல் இல்லை. சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுக்க அது வசதி. ஆனால் வேறு காரில் பழகிய கை அதில் ஒரு கட்டம் தவறினால், முன்னே போக வேண்டிய கார் பின்னே பாயும். இதனால் நேர்ந்த விபத்துகளை ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட கார் பாதுகாப்பு பற்றிய புத்தகத்தில் விரிவாக எழுதினார். அதற்கு முந்தைய வருடமே, அரசாங்கம் வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டிருந்தது. அதைத் தொடர்ந்து வகுத்த விதிகளில், கியர் வரிசை பி, ஆர், என், டி, எல் என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எல்லா ஆட்டோமேட்டிக் கார்களிலும் முன்கியருக்கும் பின்கியருக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று ஆனது. உலகம் முழுவதும் நாம் பார்க்கும் பி, ஆர், என், டி வரிசை அப்படி நிலைபெற்றது.

ஒரு காரில் கற்றுக்கொடுத்து, வேறொரு காருக்கு ஆளை அனுப்பிவைக்கும் எனக்கு அந்த விதியின் அருமை தெரியும். என்னிடம் பழகிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து போன் செய்தார். "ஏம்மா, உன் வண்டியில ஆர், என், டி மட்டும்தானே இருந்துச்சு. இதுல பி-ன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" நல்ல கேள்வி. என்னுடையது ஏ.எம்.டி. வண்டி. 2014-ல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவிய வகை இது. உள்ளே இருப்பது சாதாரணக் கிளச்சும் சாதாரணக் கியர் பெட்டியும்தான். காலும் கையும் செய்ததை இயந்திரம் செய்கிறது. அதனால் அதில் 'பி' கிடையாது. கியரில் வைத்தே இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். 'பி' உள்ள வண்டியிலோ, உள்ளே ஒரு கொக்கி விழுந்து கியர் பெட்டியைப் பூட்டுகிறது. இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். நம் ஊரில் ஓட்டுநர் உரிமமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது பட்டனும் திரும்பி வந்துவிட்டது. 2019-ல் ஹூண்டாய் இந்தியாவில் விற்கத் தொடங்கிய கோனா என்ற மின்சாரக் காரில் கியர் ராடு இல்லை. பி, ஆர், என், டி என்று நான்கு பட்டன்கள். அந்தக் காரைப் பூட்டியது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில். டெட்ராய்டு கைவிட்ட பட்டனை நம் பிள்ளைகள் கையால் பொருத்தினார்கள் என்று அறிந்தபோது அப்பா இல்லையே என்றிருந்தது. இந்தப் பட்டனுக்குப் பின்னால் கேபிள் இல்லை, மின்கம்பிதான். மின்சாரக் காரில் பொதுவாக மாற்றுவதற்குக் கியர்களே இல்லை. மோட்டாரைத் திருப்பிச் சுழற்றினால் அதுதான் ரிவர்ஸ். இன்னும் சில கார்களில் திருகும் குமிழ், சிலவற்றில் ஸ்டீயரிங் ஓரத்தில் சிறு கைப்பிடி, டெஸ்லாவில் திரையில் விரலால் தடவுவது. இயந்திரம் எந்த வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் அவரவர் விருப்பத்துக்கு வடிவமைக்கிறார்கள். ஓட்டுகிறவர் கைக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பாடம் புதிதாகிறது.

அந்தப் புதுப் பாடம் தவறினால் எப்படி முடியும் என்பதற்கு உதாரணம் கிரைஸ்லரின் வாரிசிடமே இருக்கிறது. ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி ஜீப் கிராண்ட் செரோக்கி போன்ற வண்டிகளில் புதுவகை ராடு ஒன்றை வைத்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'பி'யில் போட்டாயிற்று என்று நம்பிப் பலர் இறங்க, வண்டிகள் உருண்டன. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் 11 லட்சம் வண்டிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தார்கள். ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் வீட்டுச் சரிவான பாதையில், தானாக உருண்டு வந்த தன் ஜீப்புக்கும் வாசல் தூணுக்கும் நடுவே நசுங்கி இறந்தார். வயது 27. அவருடைய ஜீப் அந்த அழைப்பில் அடங்கிய வண்டிதான்.

1956-ன் பட்டன் உள்ளே அமுங்கியே நிற்கும். கண் பார்க்காவிட்டாலும் விரல் தடவினால் தெரியும். இழந்தது அதைத்தான். புதுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடிவம் எதுவானாலும் ஒரே மாதிரி வரிசையும், தொட்டு உணரும் அடையாளமும் எல்லா ஆட்டோமேட்டிக் கார்களுக்கும், கதவைத் திறந்தால் தானாக 'பி'க்குப் போகும் ஏற்பாடு 'பி' உள்ள எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக வேண்டும். உரிமத் தேர்விலும் வண்டியை நகர்த்தி நிறுத்திக் காட்டுவதோடு, எந்த வகை ஆட்டோமேட்டிக்கை எப்படி நிறுத்திப் பூட்டுவது என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

அது வரும்வரை என் மாணவிகளுக்கு நான் சொல்லித் தருவது இது. புதுக் காரோ இரவல் காரோ, ஏறியதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எழுத்துகள் எங்கெங்கே என்று பாருங்கள். 'பி' உண்டா இல்லையா என்று கேளுங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் 'பி'. அண்ணாமலை நகர் போகும் ரயில்வே மேம்பாலத்துச் சரிவிலும் கடலூர் சில்வர் பீச் சாலையின் சமதளத்திலும் இதே வரிசைதான். இறங்குவதற்கு முன் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வண்டி அசைகிறதா என்று பார்த்த பிறகு கதவைத் திறங்கள்.